பூனை வளர்க்கும் வீட்டில் மாதிரி ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜை மேல் தண்டவாளம் போட்டு, மலை, குகை, ஸ்டேஷன் என்று ஓர் ஊரையே கட்டி வைத்திருப்பவர் வீட்டில் பூனையும் இருந்தால், கேள்விகள் எல்லாம் "பூனையிடமிருந்து ரயிலை எப்படிக் காப்பாற்றுவது" என்றுதான் வருகின்றன. அதற்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் ரயிலிடமிருந்து பூனையைக் காப்பாற்றுவதுதான் முக்கியமான பாதி, அதைக் கேட்பவர்கள் குறைவு. கவிழ்ந்த பெட்டியை எடுத்து நிறுத்திவிடலாம், முறிந்த சிக்னல் கம்பத்தை ஒட்டிவிடலாம். பூனை காந்தங்களை விழுங்கிவிட்டால் ஆபரேஷன் வரை போக வேண்டியிருக்கும்.

இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா, முடியாதா?

முடியும். ஆனால் "இது என் இடம், நீ ஏறாதே" என்று பூனைக்குப் புரியவைத்துவிடலாம் என்ற நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் அறையில் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும். பூனையை மாற்ற முடியாது, அறையையும் மேஜையையும் ஓட்டும் நேரத்தையும் மாற்ற முடியும். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பதிலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு, பூனை இடிப்பதையே ரசிப்பது. ஜப்பானில் ஓசாகா நகரத்து உணவகம் ஒன்றில் மாதிரி ரயில் அமைப்பின் மேல் தெருவிலிருந்து மீட்ட பூனைகள் ஏறி உட்காரும் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின, நீங்களும் பார்த்திருக்கலாம். பார்க்க அழகுதான். உங்களுக்கு அந்த மனசு இருந்தால் மேற்கொண்டு படிக்கும்போது ஆபத்தான பொருட்கள் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

ரயிலில் பூனைக்கு அப்படி என்னதான் இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. சின்னதாக, ஒரே சீரான வேகத்தில், தரையை ஒட்டி ஓடி, ஒரு பொந்துக்குள் மறைந்து, இன்னொரு பொந்து வழியே வெளியே வரும் பொருள் வேறு என்ன? பூனையின் கணக்கில் அது எலி. குகை வாசலில் பதுங்கி உட்கார்ந்து ரயில் வெளியே வரும்வரை காத்திருக்கும் பூனையைப் பார்த்தால் இது புரியும், அது வேட்டைக்காரர்கள் உட்காரும் விதம்.

அப்புறம் சூடு. டிரான்ஸ்ஃபார்மர், ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர், ஊருக்கு மேலே தொங்கும் விளக்கு என்று லேஅவுட் (தண்டவாளமும் ஊரும் சேர்ந்த மொத்த அமைப்பு) உள்ள மேஜையில் எப்போதும் ஏதாவது ஒரு மூலை இளஞ்சூடாக இருக்கும். நமக்கு வேர்க்கிற 30 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பூனைக்கு உடம்பு சுகமாக இருக்கும், அதனால் அந்த மூலையை அது தேடிக் கண்டுபிடித்துவிடும். கன்ட்ரோலரின் காற்றுத் துளைகளை மூடிக்கொண்டு படுத்தால் உள்ளே சூடு ஏறும், முடியும் உள்ளே இறங்கும். கன்ட்ரோலருக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு, சரிவான பலகை ஒன்றை அடித்துவிடுங்கள். சரிவில் பூனை படுக்காது.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனையின் காது 60 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே போகும். இப்போது வரும் டிஜிட்டல் டிகோடர்கள் (இன்ஜினுக்குள் இருந்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பலகைகள்) பலவும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நம் காதுக்கு எட்டாத வேகத்தில் விட்டுவிட்டுக் கொடுப்பதால்தான் "சத்தமில்லாத மோட்டார்" என்று விற்கிறார்கள். நமக்குத்தான் சத்தமில்லை. நின்றிருக்கும் இன்ஜினை வேகம் கொடுக்கத் தொடங்கியதுமே, அது நகர்வதற்கு முன்பே, பூனை தலையைத் திருப்பிப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மேஜையை உயரமாக்கினால் ஏறாதா?

ஏறும். ஆரோக்கியமான பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் தாவும், பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் கணக்கே வேண்டாம். உயரமாக்கினால் வேலை செய்யும்போது உங்கள் முதுகுக்கு நல்லது, அவ்வளவுதான். சொல்லப்போனால் உயரம் கூடக் கூட அந்த இடத்தின் மேல் பூனைக்கு ஆசையும் கூடும், ஏனென்றால் அறை முழுவதையும் பார்க்க முடிகிற மேடுதான் அதற்கு ராஜ சிம்மாசனம்.

உயரத்தை வைத்துப் பயன் பெற வேண்டுமானால் தலைகீழாக யோசியுங்கள்: லேஅவுட்டை விட உயரமான, அதை விட வசதியான இடம் ஒன்றை அதே அறையில் பூனைக்குக் கொடுங்கள். ஜன்னலை ஒட்டிய அகலமான பலகை, அதன் மேல் ஒரு பழைய கம்பளி, முடிந்தால் அங்கிருந்து ரயில் ஓடுவதும் தெரிய வேண்டும். இது ஒன்று மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும் என்பது என் எண்ணம். அந்தப் பலகையிலிருந்து மேஜைக்கு நேராகத் தாவ முடியாத தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தனி அறை இல்லை, லேஅவுட் ஹாலில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

தனி அறையும் மூடிய கதவும்தான் சரியான பதில், அதற்கு ஈடு வேறெதுவும் இல்லை. அது இல்லாதபோது மூடிதான் அடுத்தது.

மூடி என்றால் துணி இல்லை. துணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் பூனைக்கு அது தூளி, நடுவில் போய்ப் படுக்கும், கீழே இருக்கும் ஸ்டேஷன் கூரை எல்லாம் நொறுங்கும். பூனையின் எடையைத் தாங்குகிற சட்டம் வேண்டும். மரச்சட்டத்தில் உலோக வலை அடித்து, அதைப் பெட்டி மாதிரி மேலிருந்து கவிழ்க்கிறபடி செய்யலாம். வலைக்குப் பதில் பாலிகார்பனேட் தகடு போட்டால் தூசியும் முடியும்கூட உள்ளே வராது, ஆனால் பெரிய லேஅவுட் என்றால் கனமாகிவிடும், இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும். சின்ன லேஅவுட் வைத்திருப்பவர்கள் சுவரோடு மடித்து நிறுத்துகிற மாதிரியோ, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற இழுப்பறை மாதிரியோ செய்துகொள்கிறார்கள், அது இன்னும் நல்லது.

மூடி போடாவிட்டாலும் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். மேஜையின் விளிம்பைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு அக்ரிலிக் தகடு நிறுத்துங்கள். பூனையைத் தடுக்க இல்லை, அது தாண்டிவிடும். பூனை தட்டிவிடும் இன்ஜின் தரைக்குப் போகாமல் இருக்கத்தான். மேஜை மேல் கவிழ்ந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மேஜை உயரத்திலிருந்து தரையில் விழுந்த இன்ஜினுக்குச் சட்டம் வளையும், கியர் பல் உடையும்.

தண்டவாளத்து மின்சாரம் பூனைக்கு ஷாக் அடிக்குமா?

மாதிரி ரயில் தண்டவாளத்தில் பழைய முறையில் 12 வோல்ட் வரை, டிஜிட்டல் முறையில் 14, 16 வோல்ட் என்ற அளவில்தான் இருக்கும். இரண்டு தண்டவாளத்திலும் பாதம் வைத்து நடந்தாலும் பூனைக்கு ஆபத்து இல்லை. பாதம் ஈரமாக இருந்தால் லேசாகச் சுருக்கென்று உணரலாம், அவ்வளவுதான்.

ஆபத்து அந்தப் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம். பிளக்கிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை வருகிற ஒயரில் வீட்டு மின்சாரம் முழுதாக ஓடுகிறது, அதைக் கடித்தால் வாய் வெந்துபோகும், உயிரும் போகலாம். குட்டிகள் ஒயர் கடிப்பதில் கெட்டிக்காரர்கள். அந்த ஒயரைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஆணி அடித்துவிடுங்கள், மேஜைக்கு அடியில் தொங்குகிற மற்ற ஒயர்களையும் கட்டி மேலே தூக்கிவிடுங்கள். தொங்கும் ஒயரின் நுனி ஆடினால் பூனைக்கு அது விளையாட்டுக் கயிறு. வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை அணைப்பது இன்னும் எளிது.

பூனை தண்டவாளத்தில் ஏதாவது உலோகப் பொருளைத் தட்டிவிட்டு ஷார்ட் ஆக்கினால் என்ன ஆகும் என்றால், நல்ல கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள், உடனே துண்டிக்கவில்லை என்றால் ஒயரிங் சரியில்லை என்று அர்த்தம். ஆளில்லாத அறையில் பல ஆம்பியர் மின்சாரம் ஷார்ட் ஆகி ஓடிக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் உருகும்.

ரயில் மோதிப் பூனைக்கு அடிபடுமா?

அளவைப் பொறுத்தது. 1:87 அளவு ரயில், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, பூனை மேல் மோதினால் ரயில்தான் கவிழும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தோள் உயரம் 25 செ.மீ. உள்ள பூனை அந்த ஊர் மனிதர்களுக்கு 22 மீட்டர் உயரம், ஏழு மாடிக் கட்டடம் எழுந்து நடந்து வருகிற மாதிரி. எடையைப் பார்த்தால், 4 கிலோ பூனை அவர்களுக்கு 2,600 டன்னுக்கு மேல். மோதிப் பார்க்கிற விஷயமா அது?

தோட்டத்தில் ஓட்டுகிற 45 மி.மீ. இடைவெளித் தண்டவாள ரயில்கள் வேறு ரகம். இன்ஜின் மட்டுமே சில கிலோ இருக்கும், நீராவி இன்ஜின் மாதிரி என்றால் சக்கரத்துக்கு வெளியே தண்டுகள் சுழலும். நீண்ட வாலோ அடர்ந்த முடியோ அதில் சிக்கினால் பூனைக்கு வலிக்கும், பயந்து ஓடும்போது மொத்த ரயிலையும் இழுத்துக்கொண்டு ஓடும். பூனை பக்கத்தில் இருக்கும்போது அவற்றை ஓட்ட வேண்டாம். நிஜமான நெருப்பில் ஓடும் நீராவி மாதிரிகளைச் சொல்லவே வேண்டாம், கொதிகலன் பக்கம் பூனையை விடவே கூடாது.

முடியை என்ன செய்வது?

இதுதான் தினசரிப் பிரச்சினை. பூனை லேஅவுட்டில் ஏறவே இல்லை என்றாலும் முடி ஏறும், காற்றில் மிதந்து வந்து தண்டவாளத்தில் படியும், ஓடுகிற ரயில் அதைப் பொறுக்கிக்கொள்ளும்.

இன்ஜின் ஓடும்போது திணறினாலோ, ஒரு மாதிரி கரகரத்தாலோ, கவிழ்த்து மெத்தென்ற துணி மேல் படுக்க வையுங்கள். சக்கரத்தின் உள்பக்கம், அச்சு சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும், ஆனால் அது எண்ணெயில் ஊறி இறுகச் சுற்றிக்கொண்ட முடி. தையல் ஊசி நுனியை அதற்கு அடியில் நுழைத்துக் கொஞ்சம் தூக்குங்கள், தூக்கின இடத்தில் கூர்மையான சின்னக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, பிறகு இடுக்கியால் பிடித்து இழுத்தால் மொத்தமும் சுருளாகக் கழன்று வரும். பிளேடு வைத்து அறுக்காதீர்கள், அச்சிலும் பக்கத்தில் இருக்கும் மெல்லிய மின்தகட்டிலும் கீறல் விழும். முடி எண்ணெயை உறிஞ்சி எடுத்திருக்கும் என்பதால் முடிந்ததும் ஒரே ஒரு துளி எண்ணெய் விட வேண்டும், ஒரு துளிக்கு மேல் விட்டால் அது தண்டவாளத்தில் வழிந்து அடுத்த முடியை ஒட்டவைக்கும்.

கவனிக்காமல் விட்டால் முடி அச்சோடு நிற்காது. கியர் வழியாக ஏறி மோட்டார் தண்டில் இருக்கும் திருகு மாதிரியான வார்ம் கியரைச் சுற்றும், மோட்டார் கஷ்டப்பட்டுச் சுற்றி அதிக மின்சாரம் இழுக்கும், டிகோடர் சூடாகும். எரிந்துபோன டிகோடரைப் பழுது பார்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

தண்டவாளத்தைப் பொறுத்தவரை ஓட்டுவதற்கு முன்பு ஒரு தடவை வாக்யூம் பிடியுங்கள், குழாய் வாயில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டிக்கொண்டால் மனிதர்களும் பெஞ்சுகளும் உள்ளே போகமாட்டார்கள். ரயில் தடம் மாறுகிற பாயின்ட் இருக்கும் இடங்களைத் தனியாகப் பாருங்கள், நகரும் நாக்குக்கும் ஓரத் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு கொத்து முடி புகுந்தால் போதும், பாயின்ட் முழுதாகத் திரும்பாது, ரயில் அங்கேயே இறங்கிவிடும். பூனையைத் தினமும் சீவுவதுதான் எல்லாவற்றையும் விடச் சிறந்த தண்டவாளப் பராமரிப்பு என்று நான் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சீவி எடுத்த முடி ரயிலுக்கு வராது.

லிட்டர் பெட்டியை (பூனை கழிவிடும் மணல் பெட்டியை) அந்த அறையில் வைக்கலாமா?

கூடாது. களிமண் மணலின் தூசி மெல்லிய மாவாகப் பறந்து கியர் எண்ணெயில் கலந்து உப்புத்தாள் வேலை செய்யும்.

என் பூனை லேஅவுட்டையே லிட்டர் பெட்டியாக்கிவிட்டது!

பூனை மேல் தப்பில்லை. தளர்வான, பொடியான, தோண்டினால் விலகுகிற எதுவும் பூனைக்குக் கழிவிடம்தான். ஒட்டாமல் தூவி வைத்த ஜல்லியும் மணல் திட்டும் அப்படித்தான் தெரியும். ஜல்லியைப் போட்ட அன்றே ஒட்டிவிடுங்கள்: முதலில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, பிறகு வெள்ளை மரப்பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துத் துளித்துளியாக விட்டு, முழுதாகக் காயும்வரை மூடி வையுங்கள். இறுகிக் கல்லாகிவிட்ட ஜல்லியில் பூனைக்கு ஆர்வம் போய்விடும். மணல் வேலை பாதியில் நிற்கிறது என்றால் அந்த இடத்தை மட்டும் அட்டையால் மூடிவிட்டு எழுந்திருங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பூனைச் சிறுநீருக்கென்றே கிடைக்கிற என்சைம் திரவத்தை ஊற்றி அது சொன்ன நேரம் ஊறவிடுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம், அந்த வாசனை பூனைக்கு "இங்கேதான் போக வேண்டும்" என்று எழுதி வைத்த பலகை. ஊறின ஜல்லியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. சிறுநீரின் உப்பு சாலிடர் வைத்த இணைப்புகளையும் பித்தளைத் தகடுகளையும் அரிக்கும் என்பதால் அந்தப் பகுதி ஒயரிங்கைக் கீழிருந்தும் பாருங்கள். அடிப்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் உப்பிக்கொண்டு தண்டவாளத்தைத் தூக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை நாள் ஒழுங்காகப் பெட்டியில் போன பூனை திடீரென்று வேறு இடத்தில் போனால் அது லேஅவுட் பிரச்சினையாக இல்லாமல் உடல் பிரச்சினையாகவும் இருக்கலாம். அதிலும் கடுவன் பூனை அடிக்கடி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வராமல் அவதிப்பட்டால், காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். குழாய் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

லேஅவுட்டில் இருக்கும் எவையெல்லாம் பூனைக்கு ஆபத்து?

நூல், இழை, கம்பி ஆகியவற்றுக்குத்தான் முதலிடம். தந்திக் கம்பத்துக்குக் கட்டுகிற இழுபடும் இழை, மரம் செய்ய வைத்திருக்கும் நூல், விளக்குக்குப் போகும் மெல்லிய செப்புக் கம்பி எல்லாம் இதில் அடக்கம். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை, வாய்க்குள் போன நூலைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கித்தான் ஆக வேண்டும். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு மறு நுனி குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின் மேல் சுருக்குப் பை மாதிரி சுருங்கிக்கொண்டு கடைசியில் அறுந்துபோகும்.

அடுத்தது காந்தம். கொக்கி கழற்றவும், கழற்றக்கூடிய கூரைகளைப் பிடித்து வைக்கவும் பயன்படுத்துகிற சின்ன நியோடிமியம் காந்தங்கள். ஒன்று போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், இரண்டு போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அந்த இடம் ஓட்டையாகும். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கில் இருக்கும் பட்டன் பேட்டரியும் அதே வரிசைதான், உணவுக்குழாயில் நின்றால் சில மணி நேரத்துக்குள் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

புகை திரவம். நீராவி இன்ஜின் புகைபோக்கியில் விடுகிற எண்ணெய். சிந்தினால் பூனை மிதிக்கும், பிறகு பாதத்தை நக்கும். இந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. வாசனை சேர்த்த ரகம் இன்னும் மோசம், ஏனென்றால் வாசனை எண்ணெய்களில் இருக்கும் பல பொருட்களை உடைத்து வெளியேற்றுகிற திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

பெட்டிகளுக்கு எடை கூட்ட வைக்கும் ஈயத் துண்டுகள், ஈயம் கலந்த சாலிடர் துளிகள், இவற்றைத் தரையில் உருளவிடாதீர்கள். நுரைத்துப் பொங்குகிற பாலியூரித்தேன் பசையைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மேஜையில் நுரைக்கிற அந்தப் பசையை விலங்கு நக்கி விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அது பொங்கிக் கட்டியாகும், ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். மலை கட்ட வெள்ளை மரப்பசையும் பிளாஸ்டரும் போதுமே, அதைப் பூனை வீட்டுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்?

2 செ.மீ. பிளாஸ்டிக் மனிதர்கள் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, பூனை அவர்களைத் தின்பதை விட சோபாவுக்கு அடியில் அனுப்புவதைத்தான் விரும்பும்.

நூலை விழுங்கிவிட்டது, வாயில் நுனி தெரிகிறது. இழுக்கலாமா?

இழுக்கவே கூடாது. வாயில் தெரிந்தாலும் சரி, பின்பக்கம் தொங்கினாலும் சரி. இழுத்தால் உள்ளே குடலை அறுக்கும். வாந்தி எடுக்க வைக்கவும் முயற்சி செய்யாதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள், அதே நூலின் மிச்சத்தையும் கையில் எடுத்துப் போனால் அவருக்கு உதவியாக இருக்கும். விழுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை, ஆனால் தந்திக் கம்பத்தில் ஒரு இழை காணோம், பூனை சாப்பிட மறுத்து வாந்தி எடுக்கிறது என்றாலும் இதே பதில்தான்.

ஒட்டுகிற, பெயின்ட் அடிக்கிற வேலையின்போது?

பூனை வெளியே, கதவு மூடி. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சாலிடரிங் அயர்ன் 350 டிகிரியில் இருக்கும், பூனைக்கு அது தெரியாது. தின்னர், பெட்ரோலிய ஸ்பிரிட் வகைகள் முடியில் பட்டால் நக்கி உள்ளே போகும். தண்டவாளம் துடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அப்படித்தான், ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும், ஜன்னலைத் திறந்து வைத்து, காய்ந்து வாசனை போனபிறகு பூனையை விடலாம். லேஅவுட்டில் செயற்கைப் புல் நடுகிற மின்கருவி பல ஆயிரம் வோல்ட்டில் வேலை செய்வது, மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கொல்லாது, ஆனால் பூனையின் மூக்கு பட்டால் நல்ல சுரீர் அடி கிடைக்கும், அன்றிலிருந்து அந்த அறைக்கே வராமலும் போகலாம். (சிலருக்கு இது நல்ல யோசனையாகத் தோன்றலாம். வேண்டாம்.)

மரங்களைக் கடித்துத் துப்புகிறது.

கம்பி முறுக்கிச் செய்த மரங்களை எடுத்துவிடுங்கள், நுனிக்கம்பி ஈறில் குத்தும். உலர்ந்த பாசியில் செய்த மரங்களும் பூனைக்குப் பிடிக்கும். லேஅவுட்டின் முன்விளிம்பில் புதர், புல், பாறை என்று தாழ்வாகவும் ஒட்டினதாகவும் வைத்துவிட்டு, நல்ல மரங்களைப் பின்பக்கம் மலைச்சரிவில் நடுங்கள். கடிப்பதற்கென்று தொட்டியில் கோதுமைப் புல் வளர்த்து வேறு அறையில் வைத்தால் மாதிரி மரத்தின் மேல் இருக்கும் ஆசை கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. தெர்மாகோல் மலையைப் பிளாஸ்டர் பூசாமல் விட்டால் நகம் தீட்டுகிற இடமாகிவிடும், அதன் துகள்கள் வீடெல்லாம் பறக்கும்.

குகைக்குள் போய் மாட்டிக்கொள்ளுமா?

பூனையின் காலர் எலும்பு மற்ற எலும்புகளோடு இறுக்கமாகச் சேராமல் தசையில் மிதப்பதால் தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைந்துவிடும். 1:87 அளவின் ஒற்றைப்பாதைக் குகை வாசலில் வளர்ந்த பூனையின் கைதான் போகும். பிரச்சினை முன்வாசல் இல்லை. தடம்புரண்ட ரயிலை எடுக்க மலைக்குப் பின்னாலும் கீழேயும் நாம் விட்டு வைக்கிற பெரிய துளைதான். அதற்கு ஒரு கதவு போட்டுக் கொக்கி மாட்டுங்கள். பெரிய அளவு ரயில் என்றால் ஓட்டும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

திட்டலாமா? தண்ணீர் தெளிக்கலாமா?

திட்டினால் உங்களைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளும், ரயிலைப் பார்த்து இல்லை. தண்ணீரும் அப்படியே, கூடுதலாகத் தண்டவாளத்தையும் நனைத்துவிடுவீர்கள். விளிம்பில் இருபக்கமும் ஒட்டுகிற டேப் ஒட்டினால் பாதத்தில் பிசுபிசுப்பது பிடிக்காமல் சில பூனைகள் நின்றுவிடும், சில நிற்காது. பூனை வந்தால் உணர்ந்து காற்றைப் பீய்ச்சுகிற கருவிகள் ஓரளவு பலன் தருகின்றன, ஆனால் பயந்த சுபாவம் உள்ள பூனைக்கு அதை வைக்காதீர்கள்.

அந்துருண்டை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, நாப்தலீன் பூனைக்கு விஷம். எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், காரணத்தைப் புகை திரவத்தில் சொல்லிவிட்டேன்.

எப்போது ஓட்டினால் தொந்தரவு குறைவு?

விடியற்காலையும் அந்தி நேரமும் பூனையின் வேட்டை நேரம், அப்போது ஓட்டினால் நீங்களே கூப்பிட்டு விருந்து வைப்பதாகத்தான் அர்த்தம். நடுப்பகலில் பெரும்பாலும் தூங்கும். மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் பூனையின் இயல்பான வரிசையைப் பயன்படுத்துங்கள்: வேட்டையாடும், சாப்பிடும், நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். ஒரு குச்சியில் இறகு கட்டிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடவிட்டு, கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். அது முகம் கழுவத் தொடங்கும்போது நீங்கள் கன்ட்ரோலரைப் போடலாம். எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் தவறாமல் பலிக்கிற உபாயம்.

எங்கள் பூனை ரயிலைக் கண்டாலே ஓடி ஒளிகிறது. பாவமாக இருக்கிறது.

ஒலி டிகோடரை அணைத்துவிடுங்கள், விசில்தான் பெரும்பாலும் காரணம். இன்ஜினை ஓடாமல் தரையில் வைத்து மோந்து பார்க்கவிடுங்கள், பக்கத்தில் ஏதாவது தின்னக் கொடுங்கள். பிறகு மெதுவாக, சத்தமில்லாமல், தூரத்தில். எப்போது வேண்டுமானாலும் அறையைவிட்டு வெளியேற அதற்கு வழி இருக்க வேண்டும். தூக்கி வந்து காட்டாதீர்கள்.

குட்டி என்றால் இதெல்லாம் சுலபம், பயம் சீக்கிரம் போய்விடும். பயம் போனதும் என்ன ஆகும் என்பது மேலே இருக்கும் எல்லாக் கேள்விகளும்.

இனிமேல்தான் கட்டப் போகிறேன். எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது?

பூனையை மட்டும் வைத்து முடிவு செய்தால், பெரியது நல்லது. 1:160 அளவில் தண்டவாள இடைவெளி 9 மி.மீ., ஒரு முடி போதும் ரயிலை நிறுத்த, பெட்டிகள் லேசாக இருப்பதால் வால் பட்டாலே கவிழும். ஆனால் சின்ன அளவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, மொத்த லேஅவுட்டும் ஒரு காபி மேஜை அளவில் அடங்கும், கண்ணாடி மூடி போட்டுவிடலாம். 1:87 நடுவில் நிற்கிறது: 16.5 மி.மீ. இடைவெளி, ஓரளவு எடை, உதிரிபாகம் எளிது. என்னைக் கேட்டால் மூடி போட முடிகிற அளவில் 1:160, முடியாவிட்டால் 1:87. மேலே மின்கம்பி போகிற ரயில்வே மட்டும் வேண்டாம். மெல்லிய கம்பி, சாலிடர் வைத்த நூற்றுக்கணக்கான இணைப்பு, பூனை ஒரு தடவை நடந்தால் வார வேலை போச்சு. டீசல் இன்ஜின் ஓட்டுங்கள்.

கட்டும்போது கட்டடங்களை அடிப்பலகையோடு ஒட்டாதீர்கள், காந்தமும் வேண்டாம், கீழிருந்து ஒரு ஸ்க்ரூ போட்டால் போதும். இடித்தாலும் ஆடி நிற்கும், உடைந்தால் கழற்றி எடுத்துச் சரி செய்யலாம்.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பூனை குதித்துவிட்டது. உடனே என்ன செய்வது?

கையைக் கன்ட்ரோலருக்குக் கொண்டு போங்கள், பூனைக்கு இல்லை. டிஜிட்டல் என்றால் அவசர நிறுத்தப் பொத்தான், பழையது என்றால் வேகத்தைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். கத்தாதீர்கள், கையை வீசாதீர்கள். சும்மா நடக்கிற பூனை பாதம் பார்த்து வைக்கும், ஆச்சரியமான அளவுக்குக் குறைவாகவே உடைக்கும். பயந்து ஓடுகிற பூனைதான் பின்னங்காலால் உதைத்துக்கொண்டு ஸ்டேஷன், பாலம், சிக்னல் எல்லாவற்றையும் சேர்த்துத் தரைக்கு அனுப்பும். ரயில் நின்றதும் அதன் சுவாரசியம் பாதி போய்விடும். விளிம்புக்கு அந்தப் பக்கம் தின்பண்டம் டப்பாவைக் குலுக்குங்கள், வந்த வழியே இறங்கட்டும். இறங்கின பிறகு மின்சாரம் கொடுக்கும் முன், பாயின்ட்டுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். பூனை மிதித்து மாற்றிவிட்டுப் போயிருக்கும்.